மாமா வெளிக்கிட்டிட்டாராம்

ரொறன்ரோவில் ஒரு தமிழ் வீட்டுக்கு ஃபோன் எடுத்து, "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வெளிக்கிட்டிட்டம்" என்று பதில் வரும். நம்பிவிடாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழில் அந்தச் சொல்லுக்கு உடுத்துத் தயாராவது என்றும் பொருள், புறப்படுவது என்றும் பொருள். அந்த வீட்டில் அப்பா அப்போதுதான் முகத்தில் சவர்க்கார நுரை பூசியிருப்பார். அம்மா சேலையை அயன் பண்ணிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கட்டிலை விட்டு இறங்கியிருக்கமாட்டார்கள். ஆனாலும் சொன்னது பொய் என்று யாரும் சண்டைக்குப் போக முடியாது. ஸ்காபரோ மண்டபங்களில் ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்ட பிறந்தநாள் விழா எட்டரைக்குத் தொடங்குவதற்கு இந்த ஒரு சொல்தான் காரணம் என்பது என் கட்சி.

எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். இப்போது இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம் என் சின்ன மாமா.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பிந்தி வருவதையே தொழிலாக வைத்திருந்தவர். அம்மாவின் கலியாணத்தில் அவர்தான் மாப்பிள்ளைத் தோழன். பெண்ணின் தம்பி வாசலில் வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாலை போட்டு உள்ளே அழைத்துப் போகவேண்டும். அப்பாவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. தோழனைக் காணவில்லை. ஆளை அனுப்பிக் கேட்டால், "வெளிக்கிட்டிட்டன் எண்டு சொல்லு" என்று பதில் வந்ததாம். அப்போது அவர் சலூனில் பாதி மயிர் வெட்டிய தலையோடு இருந்திருக்கிறார். வெயிலில் காருக்குள் பட்டு வேட்டியோடு வேர்த்து ஒழுகியதை அப்பா சாகும்வரைக்கும் மறக்கவில்லை. ஐயர் முகூர்த்தம் தப்பப்போகிறது என்று குதித்திருக்கிறார். அம்மா மட்டும் உள்ளே மணவறைச் சேலையோடு இருந்துகொண்டு, "அவன் வருவான்" என்று சொன்னாராம். கடைசியில் மாமா வந்தும்விட்டார். அந்தக் கலியாண அல்பத்தில் தோழனின் தலை ஒரு பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்.

ஊரில் போர் முடிந்த அந்த வருஷம் எனக்கு இருபத்தைந்து வயது. அப்பா இல்லை. நானும் அம்மாவும் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அதற்கு முந்தின கோடையிலேயே அவுஸ்திரேலியா போக ரிக்கற் எடுத்து வைத்திருந்தேன். முதுகில் ஒரு பை. சிட்னி, பிறகு மெல்பேர்ண், அங்கிருந்து கடலோரமாக மேற்கே வளைந்து வளைந்து போகும் அந்தப் பெயர்பெற்ற பாதை. அலுவலகத்துச் சுவரில் அந்தப் பாதையின் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவேன்.

பையை வாங்கிக்கொண்டு வந்த நாளில் அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினது உயிர் தப்ப," என்றார். "நீ காசு குடுத்து ஓடப் போறியோ?"

அப்போது நான் சிரித்தேன். சித்திரை மாதம் வந்தபோது சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. வன்னியில் சண்டை ஒரு துண்டுக் கடற்கரைக்குள் சுருங்கிவிட்டது. சின்ன மாமா அதற்குள் இருந்தார். கலியாணம் கட்டாத மனிதர், ஒரு சின்னக் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு இடமாகக் கடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, கடைசியில் கடையும் இல்லாமல் அந்த மணலில் இருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அம்மா பகல் முழுதும் போரை நிறுத்தச் சொல்லி நகரத்தின் நடுத்தெருவில் கொடியோடு நிற்பார். மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே ஃபோனுக்கு முன்னால் இருப்பார். லண்டன், பாரிஸ், கொழும்பு, வவுனியா. "ஏதும் தெரியுமோ? ஆரும் வெளியிலை வந்தவையோ?" இரவு வரைக்கும் அதுதான் கேள்வி. நானும் வேலை முடிந்து போய் அம்மாவோடு தெருவில் நின்றேன். நின்றேன் என்பதற்கு மேல் ஒரு வினைச்சொல் அங்கே இல்லை. வெள்ளைக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

"நான் போகேல்லை அம்மா," என்றேன்.

"இஞ்சை நிண்டு என்ன செய்யப் போறாய்? கொடி பிடிப்பாய். அதை நான் பிடிக்கிறன்தானே. போட்டு வா."

அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. போனேன்.

மெல்பேர்ணில் சின்ன மாமாவோடு படித்த ஒருவர் இருந்தார். அவருக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பைக்குள் திணித்திருந்தார். சிட்னி விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்தப் பொட்டலத்தைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டு போ என்று கையைக் காட்டினார். பல நாட்களுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

சிட்னியில் நான் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் பார்த்தேன். பாலத்தில் நடந்தேன், படகில் போனேன், வெள்ளைக் கூரை போட்ட அந்தக் கலையரங்கின் படியில் இருந்து பாண் சாப்பிட்டேன். என் கண் பார்த்தது, அவ்வளவுதான். விடுதியில் ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுத்தோம். காலையில் எழும்பியதும் எல்லோரும் இன்றைக்கு எங்கே போகலாம் என்று பேசுவார்கள். நான் ஃபோன் அட்டையைச் சுரண்டி நம்பரை அமத்தி, அம்மாவின் லைன் கிடைக்குமா என்று பார்ப்பேன். பத்துத் தரம் எடுத்தால் ஒரு தரம் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் எங்கேஜ்.

"உங்கை விடிஞ்சிட்டுதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். காலமை."

"அப்ப உங்கை நாளைக்கு வந்திட்டுது. எங்களுக்கு இன்னும் வரேல்லை." பிறகு, "நாளைக்கு என்னவாம்?" என்றார்.

அம்மா பகிடி விடவில்லை. பூமி உருண்டை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நாளைக்குள் போய்விட்ட மகளிடம் நாளைக்கு நடப்பதைக் கேட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று நினைத்திருக்கிறார். மழை பெய்கிறது என்றேன்.

மெல்பேர்ணில் மாமாவோடு படித்த அந்த அங்கிளின் வீடு நகரத்துக்கு வெளியே இருந்தது. ரயிலடிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார். மாமாவின் வயதுதான், ஆனால் தலை முழுதும் நரைத்திருந்தது. பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தார், திறக்கவில்லை.

"பிள்ளை, நேற்று உங்கடை மாமா கதைச்சவர்," என்றார்.

கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரோ ஒராளின்ரை சற்றலைட் ஃபோனிலை. முதல் ரொறன்ரோவுக்குத்தான் அடிச்சுப் பாத்தவராம். லைன் பிசியாம். ஃபோன்காரன் அவசரப்படுத்திறான் எண்டு எனக்கு அடிச்சிருக்கிறார். 'அக்காவுக்குச் சொல்லு, நான் வெளிக்கிட்டிட்டன்' எண்டார். சத்தம் ஒரு மாதிரி இரைஞ்சது. பிறகு லைன் அறுந்திட்டுது."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. அவ்வளவுதான்."

அவருடைய ஃபோனிலேயே அம்மாவுக்கு எடுத்தேன். ஏழெட்டுத் தரம் எங்கேஜ் அடித்து, பிறகு கிடைத்தது. ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மா, மாமா இஞ்சை அங்கிளுக்கு அடிச்சவராம். வெளிக்கிட்டிட்டாராம். முதல் உங்களுக்குத்தான் அடிச்சவராம், லைன் பிசியாம்."

அம்மா மூச்சை இழுப்பது கேட்டது.

"வை ஃபோனை," என்றார். "வை, வை. அவன் திருப்பி அடிப்பான்."

வைத்துவிட்டார். அவர் மாலை முழுதும் ஊரெல்லாம் ஃபோன் எடுத்துத் தம்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் தம்பி அவருக்கு அடித்திருக்கிறார். இதை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கடலோரப் பயணம். விடுதியில் சந்தித்த ஒரு ஜெர்மன் சோடியோடு சேர்ந்து ஒரு வானை வாடகைக்கு எடுத்திருந்தேன். பையன் ஓட்டினான், பெண் வரைபடம் பார்த்தாள், நான் பின்னால் பைகளோடு இருந்தேன். நல்ல பிள்ளைகள். அப்பிள் வெட்டினால் முதல் துண்டை எனக்குத்தான் தருவார்கள்.

பாதை தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் மரத்தால் ஒரு வளைவு கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு மனிதர்களின் வெண்கலச் சிலை, ஒருவன் கையில் மண்வெட்டி. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த படைவீரர்கள், திரும்பி வராத தங்கள் கூட்டாளிகளின் நினைவாக வெட்டிய பாதை இது என்று எழுதியிருந்தது. ஜெர்மன் பெண் அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு, தங்கள் ஆட்கள்தானே சுட்டது என்று தலையைக் குனிந்தாள். எனக்கு அவளைத் தேற்ற மனம் வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வந்தவன் யார், வராதவன் யார் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தபடியால்தான் மண்வெட்டியைத் தூக்க முடிந்திருக்கிறது.

ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். நான் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்த அதே வளைவுகள். அந்தப் பாதை முழுக்க என் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. முதலில் வந்த சின்ன ஊரில் இறங்கியபோது அது சத்தம் போட்டது. அங்கிள்தான்.

"பிள்ளை, உங்கடை அம்மா அங்கை எல்லாருக்கும் தம்பி வெளியிலை வந்திட்டான் எண்டு சொல்லிப்போட்டாவாம். கோயிலிலை அவன்ரை பேரிலை அர்ச்சனையும் செய்தாச்சாம். கனடாவிலை இருந்து ஆக்கள் எனக்கு அடிச்சுக் கேக்கினம். நான் வெளிக்கிட்டிட்டான் எண்டுதானே சொன்னனான். வந்திட்டான் எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை." அந்தப் பெரிய மனிதர் என்னை இடையில் பேச விடவில்லை. "வெளிக்கிட்டிட்டன் எண்டால் உடுத்துக்கொண்டு நிண்டவனோ, நடக்கத் தொடங்கினவனோ, எனக்கு எப்பிடித் தெரியும்? அவன் எப்பவும் உப்பிடித்தானே சொல்லுறவன்."

அம்மாவுக்கு எடுத்தேன். இந்த முறை முதல் மணியிலேயே தூக்கினார். இப்போது அவர் ஒருவருக்கும் ஃபோன் எடுப்பதில்லை. தெருவுக்குப் போவதுமில்லை. லைனைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, மாமா வந்திட்டார் எண்டு சொல்லாதேங்கோ. வெளிக்கிட்டிட்டார் எண்டுதான்..."

"அதுதான். வெளிக்கிட்டால் வருவான்தானே. லைனை வை பிள்ளை, அவன் அடிப்பான்."

ஒரு நிமிஷம்கூட இல்லை. திரும்பவும் எடுத்தேன். "என்ன?" என்றார், "வை" என்றார். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் ஒரு கடற்கரைக் கடை வாசலில் நின்று, என் அம்மாவோடு ஒரு முழு வசனம் பேச முடியாமல், கையில் ஃபோனை வைத்துக்கொண்டு அழுதேன். ஜெர்மன் பெண் ஓடி வந்து கட்டிப் பிடித்தாள். காதலனோடு சண்டையா என்று கேட்டாள். ஓம் என்றேன். விளக்கப் போனால் யாழ்ப்பாணத் தமிழின் வினைச்சொல்லில் இருந்து தொடங்கவேண்டும்.

அடுத்த நாள் பன்னிரண்டு சீடர்கள் என்று பெயர் வைத்த பாறைகளைப் பார்க்கப் போனோம். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் மஞ்சள் பாறைகள். பெயர்தான் பன்னிரண்டு, நிற்பது அவ்வளவு இல்லை, சில வருஷத்துக்கு முன்பும் ஒன்று இடிந்து விழுந்தது என்று ஒரு வழிகாட்டி சொன்னார். உடனே எல்லோரும் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார்கள். நான் எண்ணவில்லை. காற்று குளிராக அடித்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா இருந்த மணலுக்கும் பக்கத்தில் இருந்தது கடல்தான். இங்கே ஆட்கள் அதைப் பார்க்க விமானம் ஏறி வந்திருந்தார்கள்.

மத்தியானம் பக்கத்து ஊரில் ஒரு மீன் பொரியல் கடைக்குப் போனோம். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஃபுட்போல் செய்திக்கும் காலநிலைக்கும் நடுவில், ஒரு வரைபடம் வந்தது. எங்கள் நாட்டின் அந்த மாங்காய் வடிவம் எனக்குத் தெரியும். தெருவில் ஆட்கள் வெடி கொளுத்தி ஆடுகிறார்கள். போர் முடிந்தது என்று கீழே எழுத்து ஓடியது. பிறகு ஒரு பெண் வந்து மேற்குக் கரையில் மழை என்றாள். கடைக்காரர் எங்கள் மீனைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உன்னுடைய நாடுதானே," என்றாள் ஜெர்மன் பெண். "போர் முடிந்துவிட்டதாம். நல்ல செய்தி இல்லையா?"

அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம். எனக்காகச் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் விழவேண்டும் போலவும் இருந்தது. நன்றி என்றேன்.

கடைக்கு வெளியே ஒரு ஃபோன் பெட்டி இருந்தது. அம்மா உடனே தூக்கினார். அங்கே நள்ளிரவை நெருங்கியிருக்கும்.

"அம்மா."

"முடிஞ்சுதாம்," என்றார்.

"ஓம்."

"அவன் அதுக்கு முதலே வெளிக்கிட்டிட்டான்தானே? நீதானே சொன்னனீ."

கடல் இரைகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"சொன்னனீயோ இல்லையோ?"

"ஓம் அம்மா. சொன்னனான்."

"அப்ப சரி. வை."

மிச்சப் பாதை எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பி வந்தபோது அம்மா முன்பு போலவே சமைத்துக்கொண்டிருந்தார். தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாம்களில் இருந்து ஆட்கள் வெளியே வந்தபோது ஒவ்வொருவராகக் கேட்டோம். ஒருவர் சனம் ஆமிப் பக்கம் கடந்த பாலத்தடியில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். யாரும் அவர் செத்ததைக் காணவில்லை, யாரும் அவர் வந்ததையும் காணவில்லை. வருஷங்கள் போயின. செத்தவருக்குச் செய்யும் அந்தரட்டியும் திவசமும் செய்யாமல் விடுவது குடும்பத்துக்குக் கூடாது என்று உறவுக்காரர் அம்மாவை ஐயரிடம் கூட்டிப் போனார்கள். இறந்த நாளுக்கு என்ன திதி என்று ஐயர் கேட்டார்.

"வெளிக்கிட்ட ஆளுக்கு என்ன ஐயா திதி?" என்று கேட்டுவிட்டு அம்மா எழும்பி வந்துவிட்டார்.

நான் பிறகு ஏஜாக்ஸுக்கு வீடு மாறினேன். அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த அடுக்குமாடியையும் அந்த ஃபோன் நம்பரையும் விட்டு வரமாட்டேன் என்றார். நம்பரைக் கையோடு கொண்டு போகலாம் என்று கம்பனிக்காரன் சொன்னதை அவர் நம்பவில்லை. இன்றைக்கும் வீட்டு ஃபோனில் யாராலும் அவரோடு ஒரு நிமிஷத்துக்கு மேல் கதைக்க முடியாது. "சரி, வை" என்பார். சொந்தக்காரர்களுக்கு அது பெருமை பிடித்த குணம்.

போன மாரிக்கு ஒரு கலியாணம். நான் வந்து ஏற்றுவதாகச் சொல்லியிருந்தேன். நேரம் பிந்திவிட்டது. குளியலறையில் ஈரத் தலையோடு நின்றுகொண்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, ஸ்காபரோவில் வளர்ந்த எவரும் சொல்வதையே வாய் தவறிச் சொன்னேன். "அம்மா, வெளிக்கிட்டிட்டன்."

போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆனது. அம்மா மேலே இருக்கவில்லை. கீழே வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், பட்டுச் சேலைக்கு மேலே குளிர்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருக்க ஒரு மர வாங்கு இருந்தது. அவர் இருக்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்த பனி அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் உருகிக் கிடந்தது.

"கன நேரமா நிக்கிறியளோ?"

"நீ வெளிக்கிட்டிட்டன் எண்டாய். அதுதான் இறங்கி வந்தனான்."

"நான் அப்ப தலைகூடத் துடைக்கேல்லை அம்மா. எல்லாரும் சொல்லுறமாதிரிச் சும்மா சொன்னது."

"எனக்குத் தெரியாதோ? அவன்ரை மருமகள்தானே," என்று சிரித்தார். கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, காரில் ஏறி, சேலையை ஒதுக்கிப் பெல்ற்றைப் போட்டார். அதற்குப் பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"கெதியா எடு பிள்ளை. அங்கை எங்களைப் பாத்துக்கொண்டு இருப்பினம். பாத்துக்கொண்டு இருக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உனக்குத் தெரியாது."

காரை எடுத்தேன்.